தேதி சொல்லாமல் சீசன் பாஸ் விற்காதீர்கள்: ஒரு கேம் ஸ்டுடியோவுக்குத் திறந்த மடல்

ஐந்து எபிசோடுகளாக வரவேண்டிய கேமை உருவாக்கும் ஸ்டுடியோவுக்கும், அதை வெளியிடும் நிறுவனத்துக்கும்,

முதல் எபிசோட் வந்த அன்று உங்கள் விற்பனைப் பக்கத்தில் "ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு எபிசோட்" என்று இருந்தது. அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் ஐந்து எபிசோடுக்கும் சேர்த்து முன்கூட்டியே பணம் கட்டும் சீசன் பாஸை வாங்கினேன். இப்போது அந்த வரி காணாமல் போய், அதே இடத்தில் "அடுத்த எபிசோடுகள் தயாரானதும் வரும்" என்று இருக்கிறது. எப்போது மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று எங்கேயும் ஒரு வார்த்தை இல்லை. பாஸ் மட்டும் அதே விலையில் இன்னும் விற்பனையில் இருக்கிறது. அது போதாதென்று முதல் எபிசோடுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே நடக்கும் ஒரு குட்டி இடைக்கதையைத் தனி விலைக்குக் கொண்டுவருகிறீர்களாம், பாஸ் வாங்கியவர்களும் அதற்குத் தனியாகக் காசு கட்ட வேண்டுமாம். இதைப் படித்த பிறகும் சும்மா இருக்க முடியவில்லை.

கேம் பிடிக்காத ஒருவர் எழுதும் புகார் என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். முதல் எபிசோட் அவ்வளவு நன்றாக இருக்கிறது, என் கோபத்தில் பாதி அதனால்தான்.

பழைய தொலைபேசி இணைப்பகத்தில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் ஒரு பெண், எதிரே துளைகள் நிறைந்த பலகை, கையில் நாலு வயர்கள். விளக்கு எரிந்தால் வயரைச் செருகி யாருக்கு வேண்டும் என்று கேட்டு இணைத்துவிட வேண்டும். இவ்வளவுதான் வேலை. இதை வைத்துக்கொண்டு நீங்கள் செய்திருப்பதைப் பார்த்து உண்மையிலேயே அசந்துபோனேன். இணைத்த பிறகும் அந்தப் பேச்சை ஒட்டுக்கேட்கலாம், ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிற நேரத்தில் மற்ற விளக்குகள் எரிந்து எரிந்து அணைந்துவிடும், அணைந்த அழைப்பில் யார் இருந்தார்கள் என்பது கடைசிவரை தெரியாது. இதை எந்த டுட்டோரியலும் சொல்லித்தரவில்லை. இரண்டு மூன்று அழைப்புகளைக் கோட்டைவிட்ட பிறகு நமக்கே புரிகிறது, அப்புறம் ஒவ்வொரு முறை காது கொடுக்கும்போதும் ஒரு குற்றவுணர்வு கூடவே வருகிறது. தூரத்து அழைப்பு என்றால் இரைச்சல் அதிகம், பக்கத்து அழைப்பு என்றால் குரல் தெளிவு. வெளியூரிலிருந்து பேசுவதாகச் சொல்பவரின் குரல் தெளிவாக ஒலித்தால் அவர் பொய் சொல்கிறார் என்று பிடித்துவிடலாம். அதை முதல்முறை நானாகக் கண்டுபிடித்தபோது ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன்.

17ஆம் இணைப்புக்காரரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். ஒவ்வொரு இரவும் ஒரே எண்ணைக் கேட்கிறார், அந்த எண் பலகையிலேயே கிடையாது. கிடையாது என்று சொன்னால் கோபப்படாமல் நன்றி சொல்லி வைத்துவிடுகிறார். அவர் அழைப்பைப் பதிவேட்டில் எழுதுவதா வேண்டாமா என்பதுதான் முதல் எபிசோடின் பெரிய முடிவு. எழுதினால் மேலாளர் பார்ப்பார், எழுதாவிட்டால் கணக்கு உதைக்கும். நான் எழுதவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இது வருகிறது.

குறையே இல்லையா என்றால் இருக்கிறது. நடுவில் அந்த அறையை விட்டு வெளியே அனுப்பி இருட்டுத் தாழ்வாரத்தில் நடக்கவிடும் பகுதி இழுவை, நடை அவ்வளவு மெதுவாக இருப்பதற்குக் கதையில் எந்தக் காரணமும் இல்லை. பூட்டின் எண் டைரியில் கிடைக்கும் புதிரை இன்னும் எத்தனை கேமில் போடுவீர்கள்? வசனத்தைத் தேர்ந்தெடுக்கத் தரும் நேரமும் பத்தாது. எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவர்களுக்கு நாலு பதிலும் ஒரே திரையில் அடங்குவதில்லை, கீழே தள்ளிப் படித்து முடிப்பதற்குள் நேரம் தீர்ந்து, பேசாமல் இருந்ததாகக் கணக்காகிவிடுகிறது. இவையெல்லாம் சரிசெய்யக்கூடியவை. முதல் எபிசோடில் தடுமாறினால் அடுத்ததில் திருத்திக்கொள்ளலாம் என்பதுதான் இந்த வடிவத்தின் வசதியே.

முடிவு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இரண்டு விளக்குகள் ஒரே நேரத்தில் எரிகின்றன, கையில் மிச்சம் ஒரே வயர். ஒன்றில் செருகினேன், திரை இருண்டது. எதிர்முனையில் யார் என்றுகூடக் கேட்கவிடவில்லை. பிரமாதமான கிளிஃப்ஹேங்கர், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இப்படி ஓர் இடத்தில் "தொடரும்" போட்டவர்களுக்கு எப்போது தொடரும் என்று சொல்லும் கடமை இருக்கிறது.

எபிசோடாக வரும் கேமில் இடைவெளியும் கேமின் ஒரு பகுதிதான், இது உங்களுக்குத் தெரியாததா? டெல்டேல் ஸ்டுடியோவின் 'தி வாக்கிங் டெட்' கேமின் முதல் சீசன் 2012 ஏப்ரலில் தொடங்கி நவம்பரில் ஐந்தாவது எபிசோடோடு முடிந்தது. நடுவில் இருந்த வாரங்களில் யாரைக் காப்பாற்றினாய், ஏன் காப்பாற்றினாய் என்று முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் சண்டை போட்டுக்கொண்டார்கள். எபிசோட் முடிந்ததும் உன்னைப் போல எத்தனை சதவீதம் பேர் இதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒரு திரை வரும், அந்தச் சண்டைக்கு அதுவே எண்ணெய். 'லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்' 2015 ஜனவரியிலிருந்து அக்டோபர் வரை அப்படித்தான் ஓடியது. 2016இல் வந்த, கூலிக்கொலையாளியாக விளையாடும் 'ஹிட்மேன்' கதையை நம்பாமல் வேறு வழியில் இதைச் செய்தது: மார்ச்சில் பாரிஸ், அப்புறம் ஒவ்வொரு ஊராக அக்டோபரில் ஹொக்கைடோ வரை, இடையில் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் வந்து போகும், தவறவிட்டால் மறு வாய்ப்பே இல்லாத இலக்குகள். ஒரே வரைபடத்தை மக்கள் மாதக்கணக்கில் தோண்டித் துருவினார்கள்.

காத்திருப்பது எங்களுக்குப் பிரச்சினையே இல்லை. 'கென்டக்கி ரூட் ஜீரோ' முதல் பகுதி 2013இல் வந்தது, ஐந்தாவது 2020இல். நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே மட்டும் மூன்றரை ஆண்டு. மிகச் சிறிய குழு, ஆனாலும் பகுதிகளுக்கு நடுவே குட்டி இடைக்கதைகளை வெளியிட்டார்கள், அத்தனையும் இலவசம். நீங்கள் தனி விலை போட்டிருக்கிற அதே 'இடைக்கதை' என்ற சரக்குதான். காத்திருப்பவர்களுக்குக் கையில் ஏதாவது கொடுப்போம் என்று அவர்கள் நினைத்தார்கள், காத்திருக்கிறவர்களிடம் இன்னும் கொஞ்சம் வாங்கலாம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது.

நாங்கள் ஏன் இப்படிப் பதறுகிறோம் என்று உங்கள் சமூக மேலாளர் ஒரு பதிவில் ஆச்சரியப்பட்டிருந்தார். இந்த வடிவத்தில் ஏற்கெனவே சூடுபட்டவர்கள் நாங்கள், வேறென்ன? 'சின் எபிசோட்ஸ்' 2006இல் முதல் எபிசோடோடு வந்தது, அதோடு சரி, இரண்டாவது வரவே இல்லை. 'ஹாஃப்-லைஃப் 2' எபிசோட் ஒன்று 2006இல் வந்தது, எபிசோட் இரண்டு 2007இல் நெஞ்சை அறுக்கிற ஓர் இடத்தில் முடிந்தது, மூன்றாவது இன்றுவரை இல்லை. பத்து ஆண்டு கழித்து 2017இல், அந்த கேமை உருவாக்கிய வால்வ் நிறுவனத்தை விட்டு அப்போது விலகியிருந்த அதன் எழுத்தாளர் மார்க் லெய்ட்லா, பெயர்களை எல்லாம் மாற்றிப்போட்டு ஒரு கடிதம் மாதிரி எழுதி வெளியிட்டதிலிருந்துதான் கதை எந்தப் பக்கம் போயிருக்கும் என்று ரசிகர்கள் ஊகித்துக்கொண்டார்கள். ஒரு கேமின் முடிவை வலைப்பதிவில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமை! டெல்டேல் 2018 செப்டம்பரில் பெரும்பாலான ஊழியர்களை ஒரே நாளில் அனுப்பியபோது 'தி வாக்கிங் டெட்' கடைசி சீசனில் நாலில் ஓர் எபிசோட்தான் வெளிவந்திருந்தது, இரண்டாவது அதற்கடுத்த சில நாட்களில் வந்தது. பாஸ் வாங்கியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். ஸ்கைபவுண்ட் என்ற வேறொரு நிறுவனம் உள்ளே வந்து, பழைய குழுவிலிருந்து சிலரை வைத்துக்கொண்டு 2019 மார்ச்சில் முடித்துக் கொடுத்ததால் தப்பியது. எல்லா கேமுக்கும் ஒரு ஸ்கைபவுண்ட் வந்து நிற்காது.

இதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் மாறிக்கொண்டார்கள். 'டெல் மீ ஒய்' 2020இல் மூன்று எபிசோடுகளை வாரம் ஒன்றாக விட்டு முடித்தது. 2021இல் 'லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்' வரிசையின் 'ட்ரூ கலர்ஸ்' எல்லா அத்தியாயங்களோடும் ஒரே நாளில் வந்தது. 2025இல் 'டிஸ்பேட்ச்' வாரத்துக்கு இரண்டு எபிசோட் என்று நாலே வாரத்தில் எட்டையும் கொடுத்துவிட்டது. முழுசாக முடித்து வைத்துக்கொண்டு பகுதி பகுதியாக விடுவது, இல்லையென்றால் மொத்தமாக விடுவது, இரண்டில் ஒன்று. எழுதிக்கொண்டே வெளியிடும் பழைய முறையை நீங்கள் தேர்ந்தெடுத்தது தைரியம்தான், எனக்கு அது பிடித்தும் இருக்கிறது. ஆனால் அந்த முறையில் உங்கள் தேதியை நம்பித்தானே முன்கூட்டியே பணம் கொடுக்கிறோம், அந்தத் தேதியைச் சத்தமில்லாமல் அழித்தால் எப்படி?

பணத்தைத் திரும்பக் கேட்கலாமே என்பீர்கள். கேட்டேன். முதல் எபிசோடை முடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் பொதுவாக வாங்கி 14 நாட்களுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்குள் இருந்தால்தான் ரீஃபண்ட். நான் வாங்கிய கடையில் விதி இதைவிடக் கடுமை, விளையாடத் தொடங்கினாலே அவ்வளவுதான். ஆக, எபிசோட் எப்படி இருக்கிறது என்று பார்த்து முடித்தவருக்கு இன்னும் வராத நாலு எபிசோடின் பணத்தைக் கேட்கவும் வழியில்லை. இது முறையில்லை என்று ஸ்டீமுக்கே தோன்றியிருக்கிறது போல. 2024 நவம்பரில் சீசன் பாஸ்களுக்கென்று அவர்கள் விதி கொண்டுவந்தார்கள்: பாஸில் என்னென்ன வரும், சுமாராக எப்போது வரும் என்று விற்கும்போதே சொல்ல வேண்டும், தேதியை ஒருமுறை தள்ளிப்போடலாம், அதுவும் மூன்று மாதம் வரைதான், சொன்னதைத் தராமல் விட்டால் அந்தப் பகுதிக்கான பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ஒரு கடைக்குப் போட்ட விதியை எல்லா இடத்திலும் பின்பற்ற உங்களை யாரும் தடுக்கவில்லை.

இனி 17ஆம் இணைப்புக்கு வருகிறேன், ஏனென்றால் பணத்தைவிட இதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. வெளியான பிறகு கேமில் திருத்தம் செய்யும் ஒரு பேட்ச் விட்டீர்கள். குறிப்பில் "சில முடிவுகள் சமன்படுத்தப்பட்டன" என்று ஒரு வரி. கதையை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்ளலாம் என்று அதன்பின் கேமைத் திறந்தால், 'இதுவரை' என்று வரும் சுருக்கத் திரையில் நான் அந்த அழைப்பைப் பதிவேட்டில் எழுதி மேலாளரிடம் கொடுத்ததாக வருகிறது. நான் எழுதவே இல்லை. பிறகுதான் புரிந்தது, பதிவேட்டில் பொய்யான நேரம் போட்டு எழுதுவது என்று மூன்றாவதாக ஒரு வழியைப் பேட்சில் சேர்த்திருக்கிறீர்கள், நாங்கள் எடுத்த முடிவுகளைச் சேமித்து வைக்கும் பழைய சேவ் ஃபைலில் இரண்டாவது என்று பதிந்திருந்தது புதிய பதிப்பில் வேறொன்றைக் குறிக்கிறது. விருப்பங்களின் வரிசையை மாற்றினால் பழைய சேவ் தப்பாகப் படிக்கும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்கள் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். "முதல் எபிசோடை மீண்டும் விளையாடி விரும்பிய முடிவைத் தேர்ந்தெடுங்கள்" என்று பதில் வந்தது.

மறுபடி விளையாடினால் அது அதே முடிவா? என்ன நடக்கும் என்று தெரியாமல், நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, அந்த மனிதரின் குரலை நம்பி எடுத்த முடிவு அது. ஐந்து எபிசோடுக்குப் பரவும் கதையில் விளையாடுபவர் கையில் இருப்பது அந்த முடிவுகள் மட்டும்தான், குரலும் படமும் இசையும் வசனமும் உங்களுடையவை. அதிலேயே கைவைத்துவிட்டு "சமன்படுத்தினோம்" என்கிறீர்கள். உங்கள் புள்ளிவிவரத் திரையில் பெரும்பாலானோர் பதிவேட்டில் எழுதியதாகக் காட்டுகிறது. அதில் எத்தனை பேர் உண்மையிலேயே எழுதினார்கள், எத்தனை பேர் என்னைப் போல எழுத வைக்கப்பட்டார்கள்? அந்தக் கணக்கைப் பார்த்து இரண்டாம் எபிசோடை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் அடித்தளமே தப்பு.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியாமல் இல்லை. சிறிய குழு, முதல் எபிசோட் விற்ற பணத்தில்தான் அடுத்தது நடக்கிறது, எட்டு வாரத்தில் ஓர் எபிசோட் என்பது ராத்திரி பகலாக உழைத்தாலே வரும். இந்த வடிவத்தில் வேலை பார்த்தவர்கள் ஒரு டெட்லைன் முடிந்ததும் அடுத்த டெட்லைன் என்று ஓய்வே இல்லாமல் தவித்த கதைகள் டெல்டேல் மூடப்பட்ட சமயத்தில் நிறையவே வெளியே வந்தன. எனக்காக யாரும் தூக்கம் கெட வேண்டாம். ஆறு மாதம் ஆகும் என்றால் ஆறு மாதம் என்று சொல்லுங்கள், திட்டுகிறவர்கள் ஒரு வாரம் திட்டிவிட்டு அப்புறம் போய்விடுவார்கள். வெளியீட்டாளர்தான் வாயைத் திறக்க விடவில்லை என்றால், இந்த மடல் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இப்போது நான் கேட்பவை. இரண்டாம் எபிசோடுக்கு ஒரு தேதி சொல்லுங்கள், தேதி முடியாவிட்டால் எந்தக் காலாண்டு என்றாவது சொல்லி, எழுத்து, குரல் பதிவு, சோதனை இவற்றில் எது முடிந்தது எது மிச்சம் என்று வெளிப்படையாக எழுதுங்கள், பழைய வரியை ஏன் நீக்கினீர்கள் என்பதற்கும் அங்கேயே பதில் வேண்டும். அந்தத் தேதி வரும்வரை சீசன் பாஸ் விற்பனையை நிறுத்தி வையுங்கள், முதல் எபிசோடைத் தனியாக விற்றுக்கொள்ளுங்கள், அது கொடுக்கிற காசுக்குத் தகுதியானதுதான். ஏற்கெனவே பாஸ் வாங்கியவர்களில் யார் கேட்டாலும், எவ்வளவு நேரம் விளையாடியிருந்தாலும், வராத நாலு எபிசோடுக்கான பங்கைத் திருப்பிக் கொடுங்கள். நான் இனி கேட்கப் போவதில்லை, ஆனால் கேட்பவர்களுக்கு அந்த வழி திறந்திருக்க வேண்டும். இடைக்கதை பாஸுக்குள் வர வேண்டும், இதில் பேரம் பேச எதுவும் இல்லை.

சேவ் விஷயத்தில், பேட்சுக்கு முந்தைய சேவ்களைச் சரியாகப் படிக்கும் திருத்தம் ஒன்றை இரண்டாம் எபிசோடுக்கு முன்பே வெளியிடுங்கள். முடியாதென்றால் எங்கள் முடிவுகளை நாங்களே குறித்துக்கொள்ள ஒரு திரை கொடுங்கள். 'டிராகன் ஏஜ்' வரிசைக்கு 2014இல் 'கீப்' என்று ஓர் இணையதளமே வைத்து, முந்தைய கேம்களின் முடிவுகளை ஆட்டக்காரர்களே பதிந்து அடுத்ததற்குள் கொண்டுபோக விட்டார்கள், ஒரே எபிசோடின் ஒரு சில முடிவுகளுக்கு உங்களால் அது முடியாதா? திருத்தும்வரை அந்தப் புள்ளிவிவரத் திரையை எடுத்துவிடுங்கள். இனிமேல் வெளியான எபிசோடின் எந்த முடிவையும் மாற்றினால் பேட்ச் குறிப்பில் எந்தக் காட்சி, எந்த முடிவு என்று பெயர் சொல்லி எழுதுங்கள். வசன நேரத்தைக் கூட்டவும் நிறுத்தி வைக்கவும் ஓர் அமைப்பு வேண்டும், இது சின்ன வேலை, தாமதிக்கக் காரணம் இல்லை.

கடைசியாக ஒன்று. எந்தக் காரணத்தாலோ இந்த கேம் ஐந்தாம் எபிசோடை எட்டாது என்று உங்களுக்குத் தெரியவந்தால், அதை அன்றைக்கே சொல்லிவிட்டு மிச்சக் கதையின் சுருக்கத்தை உங்கள் பெயரிலேயே வெளியிடுவோம் என்று இப்போதே எழுத்தில் உறுதி கொடுங்கள். 17ஆம் இணைப்புக்காரர் கேட்ட எண் யாருடையது என்பது அதில் கட்டாயம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சீசன் பாஸ் வாங்கிய ஓர் ஆட்டக்காரர்